நாய்களின் நடத்தைக் கோளாறும் மருந்தும்

தோட்டத்தையும் தொழுவத்தையும் காக்கும் நாய், தீபாவளி வெடிச் சத்தம் கேட்டதும் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. மற்றொன்று, வீட்டார் வயலுக்குச் சென்றதும் ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டுகிறது. இத்தகைய நாயை அடித்தால் அச்சம் கூடுமே தவிரக் குறையாது. இதற்கு மருந்துகள் உண்டு. ஆனால் முறையறிந்து கொடுத்தால்தான் பயன் கிட்டும்.

முதலில் செய்ய வேண்டியது

சாதுவான நாய் திடீரெனக் கடிக்க வந்தால், காதுப்புண், பல்வலி, மூட்டுவலி ஆகியவை காரணமாக இருக்கலாம். வெறிநோயாகவும் இருக்கலாம். எனவே அதை நெருங்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். எவரையேனும் கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருந்துகள் இருவகை

1. நாள்தோறும் கொடுப்பவை: குளோமிப்ரமின், ஃபுளுவாக்ஸெடின் ஆகியவை. இவற்றின் முழுப் பலன் தெரிய 4 முதல் 8 வாரம் ஆகும். பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

2. வேளையறிந்து கொடுப்பவை: டிராசோடோன், காபாபென்டின் ஆகியவை. வெடிச் சத்தம் தொடங்குவதற்கு 1 முதல் 2 மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். நாய் மிரண்ட பிறகு கொடுத்தால் பலன் குறைவு. அமைதியான ஒரு நாளில் முன்கூட்டியே கொடுத்துப் பார்ப்பது நன்று.

அசிப்ரோமசின் மட்டும் கொடுத்தால் நாய் சோர்ந்து படுக்கும். ஆனால் உள்ளச்சம் நீங்காது.

பயிற்சியும் தேவை

மருந்து அச்சத்தைத் தணிக்கும். பழக்கத்தை மாற்றுவது பயிற்சியே. மெல்லிய ஒலியை எழுப்பி, உடனே நாய் விரும்பும் தீனியைக் கொடுங்கள். நாய் மிரளாத அளவிலேயே, நாளடைவில் ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

எச்சரிக்கை

உண்ணி ஒழிக்க நாம் பயன்படுத்தும் அமிட்ராஸ் மருந்தை, குளோமிப்ரமின் அல்லது ஃபுளுவாக்ஸெடின் உண்ணும் நாய்க்குப் போடக் கூடாது. உயிருக்கு ஆபத்து நேரலாம். நாய்க்கு அண்மையில் அமிட்ராஸ் போட்டிருந்தால், சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மனிதருக்கு எழுதித்தந்த மாத்திரைகளை நீங்களாகவே கொடுக்காதீர்கள். அளவு, நாயின் எடையைப் பொறுத்தது. நாள்தோறும் கொடுத்து வந்த மருந்தைத் திடீரென நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மருந்து கொடுத்த நாள், நேரம், நாயின் நடத்தை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மருந்தைத் தொடரவோ மாற்றவோ மருத்துவருக்கு அதுவே வழிகாட்டும்.