பலகைக்கு முன்பே ஒலிக்க வேண்டிய எச்சரிக்கை

வாகனக் கடன் கோரி வரும் வாடிக்கையாளர்கள் காரின் தொடுதிரை, மைலேஜ், வட்டி விகிதம் ஆகியவற்றை விரிவாக விசாரிப்பதுண்டு. அந்தக் கார் எழுப்பும் எச்சரிக்கை ஒலிகளைப் பற்றிக் கேட்போர் அரிது.

2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் கார்களில் வேக எச்சரிக்கை கட்டாயம். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் தொடர்ச்சியாகவும் அது ஒலிக்கும். ஆனால் சாலைப் பணி நடைபெறும் இடத்தில் வேக வரம்பு 40 என்று பலகை வைத்திருந்தாலும், 75-இல் செல்லும் காரில் இந்த ஒலி எழாது.

80 கிலோமீட்டர் வேகத்தில் வாகனம் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதித்து முழுமையாக நிற்க 120 மீட்டர் தேவை என்பது நம் நாட்டுச் சாலை வடிவமைப்புக் கணக்கு. இரவில் முகப்பு விளக்கைத் தாழ்த்தி ஓட்டும்போது வெளிச்சம் அத்தனை தொலைவு எட்டாது. மாற்றுப்பாதையின் முன் தேங்கி நிற்கும் கடைசி லாரி கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும். கண்ணுக்கு எட்டாததை முன்னரே காதுக்குச் சொல்வதே வாகன எச்சரிக்கையின் பயன்.

ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் பணியிட எச்சரிக்கை வண்டிகளே குறுந்தொலைவு வானொலி அலை மூலம் வரும் கார்களுக்குத் தகவல் அனுப்புகின்றன. அதைப் பெறும் வசதி 2019-இல் அறிமுகமான எட்டாம் தலைமுறை கோல்ஃப் காரிலேயே இருந்தது. இங்கே 2021-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், சென்னை ஐஐடி, மேப்மைஇந்தியா ஆகியவை இணைந்து வழங்கிய செயலி, விபத்து மிகுந்த இடங்களையும் கூரிய வளைவுகளையும் குரலால் அறிவிக்கிறது. வளைவு இடம் மாறாது. சாலைப் பணி மாறிக்கொண்டே இருக்கும். சிக்கல் அங்கேதான்.

கூம்புகளை அகற்றிய பின்னும் ‘முன்னே சாலைப் பணி’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் செயலியை மூன்றாம் முறை எவர் மதிப்பார்? பழைய கோடும் தற்காலிகக் கோடும் கலந்து கிடக்கும் இடத்தில் தடம் விலகல் எச்சரிக்கையும் வீணாக அலறக்கூடும். எரிச்சலில் அதை அணைத்துவிடுவோர் உண்டு. விளைவு காருக்குள் இருப்பவரோடு நிற்பதில்லை. கொடியுடன் சாலையோரம் நிற்கும் தினக்கூலித் தொழிலாளியையும் சேரும்.

ஆகவே காரைப் பெறும் நாளில் எந்த ஒலி எதற்கு என்று விற்பனையாளரை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். செயலியின் குரலைப் புறப்படும் முன்பே இயக்கிவிடுங்கள். எச்சரிக்கை கேட்டதும் திரையைப் பார்க்க வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். இரண்டு நொடிப் பார்வைக்கு 44 மீட்டர் செலவாகும். பணி முடிந்துவிட்டதா என்று செயலி கேட்டால், அருகில் அமர்ந்திருப்பவர் பதில் பதிவு செய்யட்டும். பின்னால் வருபவருக்கு அது உதவும்.