மோட்டார் வண்டியும் மசகெண்ணெயும்

காவிரிச் சமவெளியின் கீழைக் கோடியில், நாகப்பட்டினத்திற்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலோரமாக அமைந்துள்ள ஊர் வேளாங்கண்ணி. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-ஆம் நாள் அங்குள்ள ஆரோக்கிய மாதா ஆலயத்தில் திருக்கொடி ஏற்றப்படும்; செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழா நிறைவுறும். அந்நாட்களில் அக்கடற்கரை ஊர் மக்கள் வெள்ளத்தில் மிதக்கும். முற்காலத்தில் நெல் வயல்களினூடே செல்லும் சாலைகளில் மக்கள் கால்நடையாகவும் கூண்டு வண்டிகளிலும் வந்து சேர்ந்தனர். நடந்து வருவோர் இன்றும் பலர். மாட்டு வண்டியின் இடத்தை மட்டும் மோட்டார் வண்டி பற்றிக்கொண்டது.

சென்னையிலிருந்து வரும் கார் 300 கிலோமீட்டருக்கு மேல் விரைந்து ஓடி வருகிறது. இறுதியில் நடைப்பயணிகளின் கூட்டத்தினூடே ஆமைபோல் ஊர்கிறது, நிற்கிறது, மீண்டும் ஊர்கிறது. முன்புறத்தில் காற்று வீசி வெம்மையைத் தணிக்க வழியில்லை. வெயிலோ தலைக்குமேல் காய்கிறது. அந்நிலையில் எஞ்சினுள் சுழலும் இரும்பு இரும்போடு உரசிப் பற்றிக்கொள்ளாமல் காப்பது எது? அதன் அடித்தொட்டியில் உள்ள மூன்று அல்லது நான்கு லிட்டர் எண்ணெயே ஆகும்.

வண்டிக்கு எண்ணெய் வேண்டும் என்பதைச் சோழநாட்டு உழவர் மோட்டார் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். பயணம் புறப்படுமுன் வண்டிக்காரர் கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, அச்சில் மசகு இடுவார். வைக்கோலைக் கருக்கி எடுத்த கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்த கரிய பசையே மசகு. இதனை வண்டி மை என்றும் கூறுவர். மசகு காய்ந்த வண்டி தொலைவிலேயே கிறீச்சிட்டுத் தன் குறையைத் தானே அறிவிக்கும். இந்த ஆமணக்கெண்ணெய் எளிய பொருளன்று. முதல் உலகப்போரில் பறந்த வானூர்திகள் பலவற்றின் எஞ்சின்களுக்கும் இதுவே உயவுப் பொருளாயிற்று. ஆங்கிலத்தில் ஆமணக்கெண்ணெய்க்கு உள்ள பெயரிலிருந்துதான் காஸ்ட்ரால் என்னும் வணிகப் பெயரும் 1909-இல் பிறந்தது.

மாட்டு வண்டியின் சக்கரம் ஒரு நொடியில் ஒரு முறை சுழல்வதே அரிது. கார் எஞ்சினின் வளைதண்டோ, வண்டி நெடுஞ்சாலையில் ஓடும்போது நொடிக்கு 40, 50 முறை சுழல்கிறது. அத்தண்டு பேரிங்குகள் என்னும் தாங்கிகளுக்குள் அமைந்துள்ளது. தண்டிற்கும் தாங்கிக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே. தலைமயிர் ஒன்றின் பருமனைவிடக் குறைவு. அந்த நுண்ணிய இடைவெளியில் எண்ணெய் நிற்கிறது. உருளைக்குள் எரிபொருள் வெடித்து எரியும்போதெல்லாம் அதன் பெருவிசை பிஸ்டன் வழியாக இத்தண்டின்மேல் இறங்குகிறது. இவ்வளவு சுமையையும் எண்ணெயால் தாங்க முடியுமா என்னும் ஐயம் எழுவது இயல்பு.

இவ்வையத்தைப் போக்கிய ஆராய்ச்சி சுவையானது. 1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டவர் என்னும் பொறியாளர், இரயில் வண்டி அச்சுகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். அச்சின் கீழ்ப்பகுதி எண்ணெயில் தோய்ந்திருந்தது. மேற்பகுதியில் தாங்கி சுமையோடு அமர்ந்திருந்தது. எண்ணெய் ஊற்றுவதற்காக அத்தாங்கியின் உச்சியில் அவர் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும், உள்ளே இறங்க வேண்டிய எண்ணெய் துளை வழியாக மேலே பொங்கி வழிந்தது. துளையைத் தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மர முளையை அடித்து இறுக்கினார். அதுவும் மெல்ல வெளியேறிற்று. பின்னர் அவ்விடத்தில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தியபோது, சதுர அங்குலத்திற்கு 200 பவுண்டு என்னும் அளவையும் கடந்து அதன் முள் ஓடிற்று. தாங்கியின்மேல் வைத்திருந்த சுமையோ சராசரியாகச் சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டு அளவே. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று குறுகிய இடத்தில் ஆப்புப்போல் செருகுகிறது. அந்த ஆப்பே சுமையைத் தூக்கி நிறுத்துகிறது. இதனை 1886-இல் ரெனால்ட்ஸ் என்னும் அறிஞர் கணித வாயிலாக விளக்கினார். நன்கு இயங்கும் எஞ்சினில் தண்டு தாங்கியைத் தொடுவதில்லை, எண்ணெயின்மேல் மிதக்கிறது.

இவ்வாறு தூக்கும் ஆற்றல் எண்ணெயின் பாகுநிலையைப் பொறுத்தது. அதிரசத்திற்கு வெல்லம் காய்ச்சுவோர் பாகின் பதத்தை நன்கு அறிவர். அடுப்பில் இருக்கும்போது இளகி ஓடும் பாகு, இறக்கி ஆறவைத்தால் கரண்டியிலிருந்து விழ மறுக்கும். எண்ணெயும் அத்தகையதே. ஒரு நீர்மம் தன் ஓட்டத்தைத் தானே தடுக்கும் தன்மை எவ்வளவோ, அவ்வளவு அதன் பாகுநிலை. இதனைச் சென்டிஸ்டோக்ஸ் என்னும் அலகால் அளப்பர். 20 பாகை செல்சியஸில் தண்ணீரின் அளவு ஏறத்தாழ ஒன்று. ஆமணக்கெண்ணெய்க்கு 40 பாகையில் அது 250 அளவில் இருக்கும். எஞ்சின்களில் ஊற்றப்படும் நடுத்தர எண்ணெய் ஒன்று 40 பாகையில் 140 அளவு கெட்டியாக இருந்தால், 100 பாகையில் 14 அளவாக இளகிவிடும். 60 பாகை ஏறுவதற்குள் பத்தில் ஒன்பது பங்கு போய்விடுகிறது! மசகெண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள இடர்ப்பாடு முழுவதும் இவ்வொரு செய்தியில் அடங்கியுள்ளது.

எண்ணெய் மிகவும் இளகியதாயின், எஞ்சின் சூடேறிய பின் ஆப்பு மெலியும். தண்டு தாங்கியில் உரசும். வேகம் குறைந்து சுமை மிகும்போது இவ்விடர் பெரிதாகும். எண்ணெயைச் செருகித் தரும் சுழற்சி அப்போது குறைவல்லவா? திருவிழாக் கூட்டத்தில் ஊரும் கார் இத்தகைய நிலையிலேயே உள்ளது.

அவ்வாறாயின் மிகக் கெட்டியான எண்ணெயை ஊற்றிவிடலாமே என்று பலர் கருதுகின்றனர். நம் ஊர்ப் பட்டறைகளில் இக்கருத்து ஆழ வேரூன்றியுள்ளது. இது பிழையான கருத்து. எண்ணெய் அடித்தொட்டியில் கிடந்தால் பயனில்லை. அது சிறு துவாரங்களின் வழியே உச்சியில் உள்ள வால்வுகள் வரை ஏறிச் செல்ல வேண்டும். இரவெல்லாம் நின்ற எஞ்சினைக் காலையில் இயக்கும்போது மேற்பகுதிகளில் எண்ணெய்ப் பூச்சு மட்டுமே எஞ்சியிருக்கும். கெட்டியான எண்ணெய் அங்குச் சென்றடையக் காலம் தாழ்க்கும். மேலும், எண்ணெய்ப் பம்பில் அழுத்தம் அளவு கடந்தால் திறந்துகொள்ளும் காப்பு வால்வு ஒன்று உண்டு. எண்ணெய் கெட்டியாக இருந்தால் அவ்வால்வு திறந்து, தாங்கிகளுக்குச் செல்ல வேண்டிய எண்ணெயில் ஒரு பகுதியைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிடும். அழுத்தமானியின் முள் உயர்ந்து நிற்கும்; ஓட்டுநர் மகிழ்வார்; தாங்கிக்குக் கிடைப்பதோ குறைந்த எண்ணெய். போதாக்குறைக்கு, கெட்டி எண்ணெயைக் கலக்குவதிலேயே எஞ்சினின் ஆற்றலில் ஒரு பங்கு வீணாகி எரிபொருள் செலவு மிகும்.

எண்ணெய்க் கலத்தின்மேல் 20டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்பன போன்ற குறிகள் காணப்படும். அமெரிக்காவில் 1905-இல் தோன்றிய மோட்டார்ப் பொறியாளர் சங்கம் வகுத்த தரவரிசை இது. அச்சங்கத்தின் பெயர்ச் சுருக்கமே எஸ்.ஏ.இ. என்பது. டபிள்யூ என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண், கடுங்குளிரில் எஞ்சின் சுழலத் தொடங்குமாறு எண்ணெய் இளகியிருக்குமா என்பதைக் காட்டும். எண் சிறிதாயின் குளிரைத் தாங்கும் திறன் பெரிது. 20டபிள்யூ எண்ணெயைச் சுழியத்திற்குக் கீழே 15 பாகையிலும், 5டபிள்யூ எண்ணெயைச் சுழியத்திற்குக் கீழே 30 பாகையிலும் சோதிப்பர். பின்னுள்ள எண் 100 பாகையில் உள்ள பாகுநிலையைக் குறிக்கும். 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9-க்குள். இவ்வெண்கள் வெப்பப் பாகைகள் அல்ல. 40 என்னும் குறியுள்ள எண்ணெய் 40 பாகை வெயிலுக்கு ஏற்றது என்று பொருள் கொள்வது வேடிக்கையான மயக்கம்.

ஒரே எண்ணெய் குளிரில் இளகியும் வெப்பத்தில் கெட்டியாகவும் நடந்துகொள்வது எவ்வாறு? கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோலும் டீசலும் பிரிந்த பின் எஞ்சும் கனத்த பகுதியை வெற்றிடத்தில் வாலை வடித்து அடிப்படை மசகெண்ணெயை எடுக்கின்றனர். 1969-இல் இயங்கத் தொடங்கிய சென்னை மணலி ஆலை இவ்வகை எண்ணெயும் செய்வதாகும். இளகிய அடிப்படை எண்ணெயில் நீண்ட இழைபோன்ற மூலக்கூறுகளையுடைய பொருளைச் சிறிதளவு சேர்ப்பர். குளிரில் அவ்விழைகள் நூற்கண்டுபோல் சுருண்டு கிடந்து ஓட்டத்திற்கு இடையூறு செய்வதில்லை. சூடேறியதும் விரிந்து பரந்து எண்ணெயின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. எண்ணெய் இளகுவதை நிறுத்த இவற்றால் இயலாது. இளகும் அளவைக் குறைக்க இயலும். நாட்பட நாட்பட இவ்விழைகள் எஞ்சினில் நசுங்கி அறுந்துபோவதால் எண்ணெயும் தன் தரத்தில் தாழும். குறித்த தொலைவு ஓடியதும் எண்ணெயை மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, காவிரிச் சமவெளிக்கு ஏற்றது எது? லடாக்கிலுள்ள லே நகரில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே வெகுவாக இறங்கும். நாகைக் கடற்கரையிலோ மார்கழி இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. தேங்காயெண்ணெய் புட்டியில் உறைவதே இங்குக் கடுங்குளிருக்கு அடையாளம். ஆதலால் எண்ணெய் உறைந்து எஞ்சின் சுழல மறுக்கும் என்னும் அச்சம் இங்கு இல்லை. 2014 வரை வெளிவந்த அம்பாசடர் போன்ற பழைய கார்களுக்கு 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 எண்ணெய் இந்நிலத்தில் நன்றாகவே பொருந்தி வந்தது. அவற்றின் இடைவெளிகள் அகலமானவை. அவ்வளவு கெட்டியான எண்ணெயை ஏற்கத்தக்கவை.

இவ்வனுபவத்தைக் கொண்டே புதிய கார்களுக்கும் அதே எண்ணெயை ஊற்றுவதுதான் தீங்காக முடிகிறது. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று கையேட்டில் கண்டதும், இது பனிநாட்டு எண்ணெய், நம் வெயிலுக்கு ஆகாது என்று சிலர் ஒதுக்கிவிடுகின்றனர். வெளிக்காற்றின் வெப்பம் எண்ணெயை ஆள்வது பெரும்பாலும் தொடக்கத்தில் மட்டுமே. எஞ்சின் சூடேறியபின் அதன் குளிர்நீரின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் என்னும் கருவி 90 பாகையை ஒட்டி நிறுத்த முயல்கிறது. லண்டனில் ஓடினாலும் திருவாரூரில் ஓடினாலும் எண்ணெய் ஏறத்தாழ 100 பாகையை அடுத்தே நிற்கும். புதிய எஞ்சின்களின் தாங்கிகளும் எண்ணெய் வழிகளும் அவ்வெப்பத்தில் இளகிய எண்ணெய்க்கென்றே அமைக்கப்பட்டவை. வால்வு திறக்கும் காலத்தை மாற்றியமைக்கும் கருவி எண்ணெயின் அழுத்தத்தாலேயே இயங்குகிறது. கெட்டி எண்ணெய் அதனைத் தாமதிக்கச் செய்யும். நெடுந்தொலைவும் பெருஞ்சுமையும் கடுவெயிலும் உள்ள இடங்களுக்கு ஒரு படி கெட்டியான எண்ணெயைக் கையேடுகள் சில அனுமதிக்கின்றன. அனுமதித்திருந்தால் திருவிழாப் பயணத்திற்கு அதனைக் கொள்ளலாம். அனுமதி இல்லையேல் பட்டறையின் பழக்கத்தை நம்பிப் படி ஏறுவது கூடாது.

பல்லாண்டு ஓடித் தேய்ந்த எஞ்சினில் இடைவெளிகள் விரிந்திருக்கும். அங்கு ஒரு படி கெட்டியான எண்ணெய் அழுத்தத்தைச் சிறிது மீட்டுத் தரும். எண்ணெய் எரிந்து நீலப் புகை வருவதும் குறையலாம். தேய்ந்த இரும்பு அதனால் வளர்ந்துவிடாது.

எஞ்சின் எண்ணெயையும் பற்சக்கர எண்ணெயையும் எண்ணால் ஒப்பிடுவது தவறு. பற்சக்கர எண்ணெயில் 90 என்று இருந்தாலும், அதன் கெட்டித்தன்மை எஞ்சின் எண்ணெயில் 40, 50 என்பவற்றை ஒத்ததே. இரண்டும் வெவ்வேறு அளவைகள். இருசக்கர வண்டிகள் பலவற்றில் கிளட்சும் அதே எண்ணெயில் தோய்ந்திருப்பதால், வழுக்கும் பொருள் சேர்த்த கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்சு நழுவும்.

அளவுகோலை உருவி, நுனியிலுள்ள எண்ணெயை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, இது தண்ணீராகிவிட்டது என்று கூறும் வழக்கம் ஒன்று உண்டு. நிற்கும் வண்டியில் எண்ணெய் எவ்வளவு உள்ளது என்பதை அக்கோல் சரியாகக் காட்டும். இரு கோடுகளுக்கிடையே எண்ணெய் நிற்க வேண்டும். பாகுநிலையைச் சொல்ல விரலால் இயலாது. விரலின் வெம்மை 35 பாகைக்குள்; தண்டு மிதக்கும் இடத்தின் வெப்பமோ 100 பாகைக்கு மேல்.