ஒரு லிட்டர் பெட்டியில் ஐந்து குடித்தனம்

வீட்டுக்குள் ஒரு சர்வர் – 6

1967 ஜனவரியில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் சிபி-40 என்றொரு மென்பொருள் அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது. ராபர்ட் கிரீசி தலைமையில் ஒரு சின்னக் குழு எழுதியது. சிஸ்டம் 360 வரிசையில் 40ஆம் மாடல் கணினி ஒன்றே ஒன்றுதான் அவர்கள் கையில் இருந்தது. அதைக் கொஞ்சம் மாற்றியமைத்து 14 கணினிகளாக நடிக்க வைத்தார்கள். ஒவ்வொருவரும் முழு இயந்திரமும் தனக்கே என்று நம்பி வேலை பார்க்கலாம். பக்கத்து ஆளின் நிரல் படுத்துவிட்டாலும் இவருக்குப் பாதிப்பில்லை. ஒவ்வொன்றிலும் 256 கிலோபைட் நினைவகம் இருப்பதாகக் காட்டிக்கொண்டது சிபி-40. நிஜ இயந்திரத்தில் இருந்த மொத்த நினைவகமே 256 கிலோபைட்தான்.

விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக வி.எம்., பிறந்த கதை இது. இல்லாத நினைவகத்தை இருப்பதாகக் காட்டிக்கொண்டே பிறந்தது. வீட்டில் ஒரு மினி பிசியை வாங்கி வைத்து அதில் நாலைந்து வி.எம். ஓட்டப் பார்க்கிறவர்கள் இன்றைக்கும் முதலில் இடறுவது இங்கேதான். ப்ராசசர் எந்தத் தலைமுறை, எத்தனை கோர் என்று தேடித் தேடி வாங்குவார்கள். ரேம் விஷயத்தில், 8 ஜிபி இருக்கிறதே, இப்போதைக்குப் போதும் என்று விட்டுவிடுவார்கள். இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

திருவல்லிக்கேணியின் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளை நினைத்துக்கொண்டால் காரணம் புரியும். ஐந்து குடும்பத்துக்கு ஒரு கிணறு போதும், ஏனென்றால் யாரும் நாள் முழுக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பதில்லை. ப்ராசசர் அந்தக் கிணறு. நாலு கோர் உள்ள பெட்டியில் ஐந்து வி.எம்.களுக்குத் தலா இரண்டு கோர் என்று தாராளமாக எழுதிக்கொடுக்கலாம். பெரும்பாலான நேரம் அவை சும்மாதான் இருக்கும். ரேமோ, படுக்கிற அறை. ஒரு குடும்பம் படுத்திருக்கும் அறையில் இன்னொன்றைப் படுக்க வைக்க முடியாது.

சென்ற இதழில் யாருக்கு வீட்டு சர்வர் தேவை என்பதோடு நிறுத்தியிருந்தோம். இனி பெட்டி.

அலுவலக மேஜைகளில், திரைக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டிகளைப் பலர் பார்த்திருப்பார்கள். லெனோவோ அதை டைனி என்கிறது, ஹெச்பி மினி என்கிறது, டெல் மைக்ரோ என்கிறது. சுமார் 18 சென்டிமீட்டர் நீளம், அதே அகலம், மூன்றரை சென்டிமீட்டர் உயரம். கொள்ளளவு ஏறத்தாழ ஒரு லிட்டர். நிறுவனங்கள் மூன்று, நாலு வருடத்துக்கு ஒருமுறை இவற்றை மொத்தமாகக் கழித்துக்கட்டுகின்றன. அவை புதுப்பிக்கப்பட்டு சென்னை ரிச்சி தெருவுக்கும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கும் ஆன்லைன் கடைகளுக்கும் வருகின்றன. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது இந்த வரத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. இன்டெல்லின் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளில் ஏறக்குறைய எதையும் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. லினக்ஸுக்கு அந்தக் கவலை கிடையாது. ஆக, அலுவலகத்துக்கு உதவாதது சர்வராக இன்னும் பல வருடம் உழைக்கும்.

புதிதாகவே வாங்க நினைப்பவர்கள் போகும் இடம், 2023இல் வந்த இன்டெல் என்100 ப்ராசசர் உள்ள பெட்டிகள். நாலு கோர், 6 வாட். சிக்கனத்தில் அதை மிஞ்சுவது கஷ்டம். ஆனால் ரேமுக்கு ஒரே பாதைதான். இன்டெல்லின் கணக்கில் உச்சவரம்பு 16 ஜிபி. 32 ஜிபி பட்டை போட்டு ஓட்டுகிறவர்கள் நிறைய உண்டு என்றாலும், அது நிறுவனம் உத்தரவாதம் தராத வழி. சில மலிவுப் பெட்டிகளில் ரேமைப் பலகையோடு பற்றவைத்தே விடுகிறார்கள். அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது. 2018ஐச் சேர்ந்த ஐ5-8500டி ப்ராசசரோடு வரும் ஒரு லிட்டர் பெட்டியில் ஆறு கோரும் ரேமுக்கு இரண்டு ஸ்லாட்டும் இருக்கும். 16 ஜிபி பட்டை இரண்டு போட்டால் 32. வி.எம். ஓட்டத்தான் வாங்குகிறோம் என்றால் பழையதே மேல். 2025 கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறிய பிறகு, ரேம் ஏற்கெனவே உள்ளே இருக்கும் பழைய பெட்டிக்கு மவுசு கூடிவிட்டது.

கரன்ட் செலவையும் பார்த்துவிடலாம். இந்த ரகப் பெட்டி வேலையில்லாமல் இருக்கும்போது 10 முதல் 15 வாட் இழுக்கும். 12 வாட் என்று வைத்தால் 60 நாளில் சுமார் 17 யூனிட். நிறுவனங்கள் கழித்த பெரிய ரேக் சர்வர்கள் இதைவிட மலிவாகக்கூடக் கிடைக்கும். ஆனால் 150 வாட் இழுக்கும் ஒன்றுக்கு அதே 60 நாளில் 216 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்குக் கொடுக்கப்படும் இலவசம் 100 யூனிட். போதாததற்கு அந்த மின்விசிறிகளின் இரைச்சல் வேறு. வீட்டில் யாரும் தூங்க முடியாது.

கடையில் பெட்டியை வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பயாஸுக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறதா என்று அங்கேயே திரையில் இணைத்துப் பார்த்துவிட வேண்டும். அலுவலகத்திலிருந்து வந்த பெட்டிகளில் இது சகஜம். பூட்டியிருந்தால் நமக்கு வேண்டிய அமைப்புகளை மாற்ற முடியாது. இரண்டு, அடாப்டர். சில மாடல்கள் தன் நிறுவனத்து அடாப்டர் இல்லையென்று கண்டால் ப்ராசசரை வேண்டுமென்றே மெதுவாக்கிவிடும். பெட்டி ஏன் நத்தையாய் நகர்கிறது என்று மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள இந்த ஒரு கறுப்பு ஒயர் போதும்.

பயாஸில் மாற்ற வேண்டிய அமைப்புகளும் இரண்டுதான். விர்ச்சுவலைசேஷன் என்று இருப்பதை ஆன் செய்ய வேண்டும். இதற்கும் ஒரு கதை உண்டு. நம் வீட்டுக் கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 வகை ப்ராசசர்கள் வி.எம்.களுக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. அவற்றின் சில கட்டளைகள் வி.எம்.களை ஓட்டும் மேற்பார்வை மென்பொருளுக்குத் தெரியாமலே நழுவிப்போகும். 1999இல் விஎம்வேர் நிறுவனம் அந்தக் கட்டளைகளை ஓட்டத்திலேயே பிடித்து மாற்றி எழுதும் தந்திரத்தால் சமாளித்தது. 2005இல் இன்டெல்லும் 2006இல் ஏஎம்டியும் அவற்றைப் பிடிக்கும் வசதியைச் சிப்புக்குள்ளேயே வைத்துவிட்டன. அதற்கான சுவிட்ச்தான் பயாஸில் இருப்பது. இன்னொன்று, மின்சாரம் போய்த் திரும்பினால் தானாக ஆன் ஆக வேண்டும் என்ற அமைப்பு. மின்வெட்டு பழகிய ஊரில் இதை மறந்தவர், வெளியூரில் இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டுப் பட்டனை அழுத்தச் சொல்ல வேண்டிவரும்.

மென்பொருளுக்குப் பெரும்பாலோர் போவது ப்ராக்ஸ்மாக்ஸிடம். ஆஸ்திரியாவின் வியன்னாவைச் சேர்ந்த நிறுவனம். முதல் பதிப்பு 2008இல் வந்தது. டெபியன் லினக்ஸின் மேல் கட்டியது, மூலநிரல் திறந்தது, காசு கொடுக்காமலே எல்லா வசதியும் கிடைக்கும். உள்ளே உழைப்பது கேவிஎம். இஸ்ரேலியரான அவி கிவிட்டி எழுதி, 2007 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னலோடே சேர்ந்துவிட்ட பகுதி அது. பல வருடம் வீட்டுக்காரர்கள் பயன்படுத்தியது விஎம்வேரின் இலவச இஎஸ்எக்ஸ்ஐ. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது. 2024 பிப்ரவரியில் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்தார்கள்தான். ஆனால் அதற்குள் பலர் வீட்டைக் காலிசெய்துகொண்டு ப்ராக்ஸ்மாக்ஸுக்குக் குடிபோயிருந்தார்கள்.

நிறுவுவது பெரிய வித்தை இல்லை. பென்டிரைவில் ஏற்றி, பெட்டியில் செருகி, கேட்கிற நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் கால் மணி நேரத்தில் முடியும். டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்தது எல்லாம் அழியும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அப்புறம் திரையும் கீபோர்டும் வேண்டாம். வீட்டிலுள்ள வேறு கணினியின் பிரவுசரில் பெட்டியின் முகவரியோடு 8006 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துத் திறந்தால் கட்டுப்பாட்டுப் பக்கம் வரும். பாதுகாப்பற்ற தளம் என்று பிரவுசர் மிரட்டும்; சான்றிதழைப் பெட்டியே தயாரித்துக்கொண்டதால் வரும் மிரட்டல் அது. உள்ளே போனால் சந்தா இல்லை என்று ஒரு பெட்டிச்செய்தி. சந்தாதாரர்களுக்கான களஞ்சியத்தை நிறுத்திவிட்டு, சந்தா இல்லாதவர்களுக்கானதைச் சேர்த்தால்தான் அப்டேட் வரும்.

வைஃபையில் ஓட்டிவிடலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். நடக்காது. ஒவ்வொரு வி.எம்.மும் நெட்வொர்க்கில் தனக்கென ஒரு மேக் முகவரியோடு நிற்கும். வைஃபை ரூட்டரோ தன்னிடம் பதிந்துகொண்ட முகவரியைத் தவிர வேறு முகவரியிலிருந்து வரும் தகவலை ஏற்காது. சுற்றுவழிகள் உண்டு, எல்லாம் தலைவலி. ஐந்து மீட்டர் லேன் கேபிள் வாங்குவதே மலிவு. கேபிளிலும் ஒரு கண் வேண்டும்: இந்த ஒரு லிட்டர் பெட்டிகள் பலவற்றில் இருக்கும் இன்டெல் ஐ219 நெட்வொர்க் சிப், பெரிய கோப்பு நகரும்போது திடீரென உறைந்துபோவது பலருக்கும் நேர்ந்திருக்கிறது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் எதுவும் எட்டாது. சிப்பிடம் ஒப்படைத்திருக்கும் பொட்டலம் பிரிக்கும் வேலையை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி குடிவைக்கும் கட்டம். ஒரு சின்ன வரி ஆலோசகர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம், வீடும் மாடியிலேயே. பெட்டியில் 16 ஜிபி ரேம். ப்ராக்ஸ்மாக்ஸுக்கென்று 2 ஜிபி ஒதுக்க வேண்டும். டேலி ஓட ஒரு விண்டோஸ், 6 ஜிபி. வீட்டு விளக்கு, மோட்டார் கட்டுப்பாட்டுக்கு ஹோம் அசிஸ்டன்ட், 2 ஜிபி. படம் பார்க்க ஜெல்லிஃபின், 2 ஜிபி. கோப்புகளைப் பகிர ஒன்று, விளம்பரம் தடுக்கும் பை-ஹோல் ஒன்று, தலா அரை ஜிபி. கூட்டினால் 13. மிச்சம் 3 ஜிபியைப் பார்த்ததும் இன்னொரு விண்டோஸ் வைக்கலாமே என்று கை அரிக்கும். அதை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

கடைசி மூன்றும் முழு வி.எம். ஆக இருக்கத் தேவையில்லை. அவை கன்டெய்னர்களாக, அதாவது ப்ராக்ஸ்மாக்ஸின் கெர்னலையே பகிர்ந்துகொண்டு ஓடலாம். அதனால்தான் கடைசி இரண்டும் தலா அரை ஜிபியில் அடங்குகின்றன. விண்டோஸுக்கு அந்த வழி இல்லை. அதற்கு உரிமமும் தனியாக வேண்டும். அதை நிறுவும்போது டிஸ்க்கே இல்லை என்று அது சொல்லக்கூடும். விர்ட்ஐஓ டிரைவர்கள் உள்ள இன்னொரு ஐஎஸ்ஓ கோப்பை இரண்டாவது டிரைவாகக் காட்டினால் கண் திறக்கும்.

எழுதிக்கொடுத்தது நிஜத்தைத் தாண்டினால் என்ன ஆகும்? முதல் வாரம் ஒன்றும் ஆகாது, வில்லங்கமே அதில்தான். கேவிஎம் ஒரு வி.எம்.முக்கு 6 ஜிபி என்று சொல்லிவிட்டு, அது தொடத் தொடத்தான் நிஜ ரேமைக் கொடுக்கும். உள்ளே இருக்கும் இயங்குதளமோ சும்மா கிடக்கும் ரேமில் கோப்புகளைச் சேர்த்துவைத்து மெல்ல மெல்ல முழுதையும் தொட்டுவிடும். ஒரே மாதிரியான பக்கங்களை ஒன்றாக்கும் கேஎஸ்எம், வி.எம்.மிடமிருந்து கொஞ்சம் திருப்பி வாங்கும் பலூன் என்று சில ஏற்பாடுகள் இருக்கின்றன. ஓரளவுக்குத் தாங்கும். அதற்கும் மேல் போனால் லினக்ஸ் கெர்னல் எதையாவது கொன்று இடம் பண்ணும். அதன் கணக்கில் ஒவ்வொரு வி.எம்.மும் ஒரு சாதாரண ப்ராசஸ். அதிக ரேம் வைத்திருப்பதைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும். மேலே சொன்ன வீட்டில் அது டேலி ஓடும் விண்டோஸ். கணக்கு முடிக்கும் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கியது போல நின்றுபோகும். லாக்கில் மெமரி தீர்ந்தது, இந்த எண்ணுள்ள ப்ராசஸ் கொல்லப்பட்டது என்று ஒரே ஒரு வரி இருக்கும்.

டிஸ்க் தேர்வும் இந்த ரேம் கணக்கைத் தொடுகிறது. நிறுவும்போது இசட்எஃப்எஸ் என்று ஒரு தேர்வு வரும். தகவல் கெட்டால் கண்டுபிடிக்கும் அருமையான கோப்பு முறை. ஆனால் தற்காலிகச் சேமிப்புக்கென்று தாராளமாக ரேம் எடுத்துக்கொள்ளும். முன்பெல்லாம் பாதிவரை போகும். ப்ராக்ஸ்மாக்ஸின் புதிய பதிப்புகளில் நிறுவும்போதே பத்தில் ஒரு பங்கு என்று வரம்பு வைக்கிறார்கள். ஒரே எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம் என்ற நிலையில், கேட்காமலே வரும் எல்விஎம் அமைப்பு போதும்.

எல்லாம் ஒரே பெட்டியில் இருப்பதால் அது போனால் எல்லாம் போகும். ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறேனே என்பார்கள். அதுவும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. பேக்கப் வேறொரு யுஎஸ்பி டிஸ்க்குக்கோ வேறு கணினிக்கோ போக வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸில் தினமும் இரவு இரண்டு மணிக்கு என்று அட்டவணை போட்டுவிடலாம். வி.எம்.கள் பார்ப்பது போலி வன்பொருளைத்தான் என்பதால், லெனோவோவில் எடுத்த பேக்கப்பை டெல்லில் திருப்பிப் போட்டாலும் வழக்கமாக மூச்சுவிடாமல் ஓடும்.

பேக்கப் நிஜமாகவே உதவுமா என்று ஒருமுறை திருப்பிப் போட்டுப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். பேக்கப் பட்டியலில் விண்டோஸ் வி.எம்.மைத் தேர்ந்து, 101 என்ற பழைய எண்ணுக்குப் பதிலாக 901 என்று புது எண் கொடுத்து ரீஸ்டோர் செய்ய வேண்டும். ஆன் செய்யும் முன் அதன் நெட்வொர்க் கார்டில் டிஸ்கனெக்ட் என்ற கட்டத்தை டிக் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே முகவரியோடு இரண்டு இயந்திரங்கள் மோதிக்கொள்ளும். 16 ஜிபி பெட்டியில் பழைய விண்டோஸை அந்த நேரத்துக்கு நிறுத்திவைப்பதும் அவசியம். புதியதில் டேலியைத் திறந்து, நேற்றைய கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு 901ஐ அழித்துவிடலாம்.

(தொடரும்)

அடுத்த இதழில்: நிலையான முகவரி தராத ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள், வெளியூரிலிருந்து வீட்டு சர்வரை எட்டுவது எப்படி?