ஊசியைக் கண்டால் ஆகாது!

புதுப் புடைவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்துவிட்டு, "ஒரு கரைக்கு இவ்வளவா?" என்று கூலியைப் பேரம் பேசாத குடும்பத் தலைவி யாராவது உண்டா? நானும் பேசியவள்தான். ஆனால் சென்ற மாதம் மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் போய்விட்டு வந்த பிறகு, அந்தப் பேரம் என் நாக்கில் எழுவதே இல்லை.

அந்தச் சந்தில் ஓர் அம்மாள் இருக்கிறார். வயது அறுபத்தைந்துக்கு மேல். பரதநாட்டிய உடை தைப்பதில் நாற்பது வருஷத்து அனுபவம். "பேரைப் போட்டுடாதேம்மா. கையில இருக்கிற வேலையே மார்கழி வரைக்கும் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆகையால் நாமும் 'அம்மாள்' என்றே வைத்துக் கொள்வோம்.

நான் போன சமயம், அரங்கேற்றத்துக்காகப் பெண்ணை அழைத்துக்கொண்டு ஒரு தாயார் வந்திருந்தார். மடியில் அரக்குச் சிவப்பில் காஞ்சிபுரம் பட்டு.

"மாமி, மிஷின் வேண்டாம். முழுக்கக் கையாலேயே தைச்சுக் குடுங்கோ. அதுதானே உசத்தி?" என்றார்.

அம்மாள் சிரித்தார். "கைத்தையல் உசத்தின்னு சொல்றவங்க கையால தைச்சவங்களா இருக்க மாட்டாங்கம்மா. எனக்கு ஊசியைக் கண்டாலே ஆகாது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தையற்காரிக்கு ஊசி ஆகாதா? சமையற்காரருக்குக் கரண்டி ஆகாது என்பது போல அல்லவா இருக்கிறது!

தலையணையில் பன்னிரண்டு ஊசி

அந்தத் தாயார் போன பிறகு, காப்பியை ஆற்றிக்கொண்டே அம்மாள் தம் கதையைச் சொன்னார்.

சொந்த ஊர் திருச்சிப் பக்கம். தகப்பனார் சிறு வயதிலேயே தவறிவிட்டார். தாயார் தையற்கடையிலிருந்து சட்டைகளை வாங்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து காஜா எடுப்பார். விளிம்பு மடித்து ஹெம்மிங் செய்வார். பொத்தானும் கொக்கியும் வைப்பார். கூலி, உருப்படிக்குச் சில பைசா. பகலில் திண்ணை, இரவில் சிம்னி விளக்கு.

"நாப்பது வயசுக்குள்ள அம்மாவுக்கு ஊசிக் காது தெரியாம போச்சு. நான் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி பன்னிரண்டு ஊசியில நூல் கோத்து, தலையணையில வரிசையாக் குத்தி வெச்சிட்டுப் போகணும். அதை வெச்சுத்தான் அன்னிக்கு முழுக்க வேலை. சாயந்தரம் வந்து பார்த்தா பன்னிரண்டும் காலியா இருக்கும். அம்மா கையைக் கட்டிக்கிட்டு எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க."

ஒன்பதாவது வயதில் அவரும் காஜா எடுக்க உட்கார்ந்தார். இடக்கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன தோல் இன்னும் மிருதுவாகவில்லை.

சில வருஷம் கழித்து அந்தக் கடைக்குக் காஜா மிஷின் வந்தது. தாயாரின் பிழைப்பில் பாதி அன்றோடு போயிற்று.

"அம்மா அழுதாங்க. நான் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டேன். இப்ப யோசிச்சா, ரெண்டு பேருமே சரிதான்னு தோணுது."

காந்திஜி தந்த விலக்கு

யந்திரம் வந்தால் பிழைப்புப் போகும் என்ற அழுகை புதிதல்ல. பிரான்ஸில் திமோனியே என்ற தையற்காரர் 1830-ல் தையல் யந்திரத்துக்கு உரிமம் பெற்றார். பாரிஸ் தையற்காரர்கள் கூட்டமாக வந்து அவருடைய யந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். பிறகு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-லும், ஐஸக் சிங்கர் 1851-லும் உரிமம் பெற்றார்கள். கைத்தையல் ஊசிக்குக் காது மேல் முனையில் இருக்கிறது. ஹோவின் யந்திர ஊசிக்கோ கூர் முனையில். மேல் நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ள அது வழி செய்தது.

யந்திரங்களைக் கண்டித்த காந்தியடிகளே தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார் என்பது நம் சகோதரிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1924-ல், பிற்காலத்தில் காந்திகிராமத்தோடு இணைந்த ஜி. ராமச்சந்திரன் அப்போது மாணவர். அவர், "எல்லா யந்திரங்களையுமே எதிர்க்கிறீர்களா?" என்ற கருத்தில் கேட்டார். தம் மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலித்துப் போவதைக் கண்டு, அவள் மீதுள்ள அன்பினால் சிங்கர் அந்த மிஷினை உண்டாக்கினார் என்பது மகாத்மாவின் பதிலின் சாரம். இதே போன்ற கதையை ஹோவைப் பற்றியும் சொல்வார்கள். மனைவி யாருடையவளாக இருந்தால் என்ன? அவளுடைய விரல் வலி ஒருவர் கண்ணில் பட்டதே, அதுதான் விஷயம்.

அம்மாளிடம் இதைச் சொன்னேன். "அப்படியா! காந்தித் தாத்தாவுக்கே தெரிஞ்சிருக்கு" என்று கன்னத்தில் கை வைத்துக் கொண்டார்.

அறுந்த கொக்கி

பதினேழாவது வயதில் பழைய கால் மிஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. தையல் டெக்னிகல் பரீட்சை பாஸ் செய்து, கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தார். அடுத்த தெருவில் நாட்டியம் சொல்லிக் கொடுத்த டீச்சர் ஒருவர் ஒரு நாள் பட்டுப் புடைவையோடு வந்து நின்றார். "முழுப் பட்டில கத்தரிக்கோலை வெக்கறப்போ, கல்யாணப் பொண்ணு தலைமுடியை வெட்டற மாதிரி இருந்துச்சு" என்கிறார்.

முற்காலத்தில் ஆடியவர்கள் பைஜாமாவின் மேல் முழுப் புடைவையையே கட்டிக்கொண்டு ஆடினார்கள். இன்று நாம் பார்க்கும் தைத்த உடை பரவியதில், 1935-ல் அடையாறில் மேடையேறிய ருக்மிணி தேவி அருண்டேலுக்குப் பெரும் பங்கு உண்டு. ரவிக்கை, மேலாக்கு, பைஜாமா, இடுப்புத் துண்டு, விசிறி என்று ஒரே புடைவை ஐந்தாகிறது. அரைமண்டியில் முழங்கால்கள் விலகும்போது மடிப்பு மடிப்பாக விரிகிறதே, அதுதான் விசிறி.

ஆரம்பத்தில் அம்மாள் எல்லாவற்றையும் மிஷினிலேயே ஓட்டினார். கொக்கிகளைக்கூடப் பட்டியாக வாங்கி ஒரே ஓட்டாக அடித்துவிட்டார். ஒரு பெண்ணின் அரங்கேற்றம். வர்ணம் பாதியில் இருக்கும்போது இடுப்பில் ஒரு நூல் அறுந்தது. ஓடிய தையல் அல்லவா? ஒன்று விட்டதும் பக்கத்துக் கொக்கியும், அதற்கடுத்ததும் விட்டன. பதின்மூன்று வயதுக் குழந்தை, இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அபிநயம் பிடித்து முடித்தது.

"சபையில யாரும் என்னைத் திட்டலை. அந்தக் குழந்தை உள்ளே வந்து, 'ஆன்ட்டி, தெரிஞ்சுதா?'ன்னு கேட்டுச்சு. அன்னிக்கு ராத்திரி பரண்ல கிடந்த ஊசிப் பெட்டியை எடுத்தேன்."

அன்று முதல் கொக்கி ஒவ்வொன்றையும் தனித்தனி முடிச்சுப் போட்டுக் கையால் தைக்கிறார். ஒன்று போனாலும் மற்றது நிற்கும். விசிறி மடிப்பின் உள்பிடிப்பும் கையால்தான். அங்கே மிஷின் தையல் விழுந்தால் விசிறி அட்டை மாதிரி விறைத்து நிற்குமாம். மேலாக்கின் மடிப்பும் அப்படியே. குழந்தை வளர்ந்தால் பிரித்துத் தைக்க வேண்டும். மிஷின் தையலைப் பிரித்தால் பட்டில் ஊசிப் பொட்டு வரிசையாகத் தெரியும். பாக்கி நீளத் தையல் எல்லாம் மிஷினில்.

"அப்படியானால் இப்போது கைத்தையல் பிடித்துவிட்டதா?" என்று கேட்டேன்.

"ஐயோ, இல்லவே இல்லை! வேண்டிய இடத்துல போடறேன். பிடிச்சுப் போடலை" என்றார் அம்மாள்.

கூலிக் கணக்கு

அவரிடம் மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். இருவர் மிஷினில், ஒருத்தி கை வேலையில். கை வேலைக்காரிக்குத்தான் கூலி அதிகம். அதுவும் உருப்படிக் கணக்கு அல்ல, மணிக் கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து, வாசலில் நின்று தூரத்துக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது கட்டாயம். கண்ணுக்கு ஓய்வு.

"உருப்படிக் கணக்குன்னா, கண்ணு எரிஞ்சாலும் இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு தைக்கத் தோணும். எங்கம்மா அப்படித்தான் தைச்சாங்க" என்றார்.

விடை பெற்றுக்கொண்டு எழுந்தேன். காலையில் வந்திருந்த பெண்ணின் அரக்குப் பட்டு மேஜை மேல் விரிந்து கிடந்தது. பக்கத்தில் ஊசிப் பெட்டி. அம்மாள் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் என் புடைவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொண்டுவந்தாள் எங்கள் தெருப் பெண். திருப்பிப் பார்த்தேன். வெளியே தெரியாமல், அரிசி மணியைவிடச் சிறிதாக ஓடியிருந்தது தையல். கேட்டதைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இன்னிக்குப் பேரம் பேசலையா?" என்று அவளே கேட்டுவிட்டாள்!