கல்லும் கனலும் – 9: மீட்டரைத் திட்டாதீர்கள்

பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்தால், அரியலூர் நெருங்குவதைச் சுண்ணாம்புக்கல் லாரிகளே சொல்லிவிடும். டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்த கல் அது. 1979ல் அரசு சிமென்ட் ஆலை வந்தது. இன்று ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் என்று திரும்பின பக்கமெல்லாம் புகைபோக்கிதான்.

அரைத்த கல்மாவு சைக்ளோன் கோபுரத்தின் உச்சியில் விழுந்து, சூடேறிக்கொண்டே இறங்குகிறது. அடியில் 850 டிகிரியைத் தாண்டும். பிறகு, சுழலும் கில்னுக்குள் 1,450 டிகிரியில் கிளிங்கர் என்ற கட்டிகளாகத் திரள்கிறது. சுழல்கிற குழாய்க்குள் அந்தச் சூட்டில் கம்பி தாங்காது. உள்ளே எரியும் வெளிச்சத்தைக் கொண்டு தள்ளி நின்றே அளக்கிறார்கள். கோபுரத்தில் காவல் இருப்பது தெர்மோகப்பிள்.

பெரிய பெயர், சின்னப் பொருள். குரோமெல், அலுமெல் என்று இரண்டு உலோகக் கலவைக் கம்பிகள். நுனியில் பற்றவைத்திருக்கும். நுனி சுட்டு, மறுமுனை ஆறியிருந்தால் மின்னழுத்தம் பிறக்கும் (1821ல் சீபெக் கண்டது). 860 டிகிரிக்குக் கிடைப்பது சுமார் 36 மில்லிவோல்ட். ஒரு பென் டார்ச் செல்லில் நாற்பதில் ஒரு பங்கு! எது எந்தக் கம்பி என்று குழம்பினால் காந்தம் போதும். அலுமெல் ஒட்டும், குரோமெல் ஒட்டாது.

பிளஸ் டூவில் லீ சாட்லியர் தத்துவத்தை உருப்போட்டவர்களுக்கு ஒரு செய்தி. பிளாட்டினம்–ரோடியம் கம்பியால் நம்பகமான தெர்மோகப்பிளை 1886ல் செய்து காட்டியவர் அதே லீ சாட்லியர்தான். மறு வருடம் அவர் டாக்டர் பட்டத்துக்குக் கொடுத்த ஆய்வு எதைப் பற்றி? சிமென்ட் எப்படி இறுகுகிறது என்பதைப் பற்றி. அரியலூரில் அவருக்கு ஒரு தெருப் பெயராவது வைக்கலாம்.

சரி, திரையில் 825 என்று எண் மின்னினால் நம்பிவிடலாமா? தெர்மோகப்பிளின் தலைப்பெட்டி இருக்குமிடமே 70 டிகிரி கொதிக்கும். கன்ட்ரோல் ரூமில் ஏசி, 25. இடையில் அதற்கென்றே உள்ள காம்பன்சேட்டிங் கேபிள் ஓட வேண்டும். அவசரத்துக்கு யாரோ சாதாரணச் செம்பு வயரை இழுத்துவிட்டால், மறுமுனை 70 டிகிரித் தலைப்பெட்டியிலேயே நின்றுவிடும்; அதை 25 என்று எண்ணிக்கொள்ளும் மீட்டர் இடையிலுள்ள 45 டிகிரியை விழுங்கிவிடும். சூடு குறைந்துவிட்டதாக நினைத்து ஆபரேட்டர் கரியைக் கூட்டுவார். மாவு பிசுபிசுத்து சைக்ளோன் அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்கப் போகிறவர் மேல் கொதிக்கும் மாவு கொட்டுகிற ஆபத்து சிமென்ட் ஆலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மிச்சம் பிடித்தது சில மீட்டர் வயர்.

நுனியும் பத்திரமில்லை. தூசு அடித்து அடித்து உறை, சீவிய பென்சில் மாதிரி தேயும். மாவு அப்பிக்கொண்டால் குறைத்துக் காட்டும்.

இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருக்கும் வாசகர்களே, எண்ணில் சந்தேகம் வந்தால் கையடக்க டிஜிட்டல் தெர்மாமீட்டரோடு கோபுரம் ஏறுங்கள். தலைப்பெட்டியில் நேராக மாட்டி, கன்ட்ரோல் ரூமுக்கு போன் போட்டு அங்கே என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். நாற்பது டிகிரி இடித்தால் மீட்டரைத் திட்டாதீர்கள், கேபிளை மாற்றுங்கள்.

(தொடரும்)