குளிருக்கு அஞ்சாத பூசணம்

குளிர்பதனக் கிடங்கில் வைத்த காய்க்குப் பூசணம் வராது என்று பல விவசாயிகள் நம்புகின்றனர். இது சரியல்ல. குளிர் பூசணத்தைக் கொல்வதில்லை. அதன் வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது, அவ்வளவே. காரட்டை அழுகச் செய்யும் சாம்பல் பூசணம் 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் வேகமாக வளரும். 0 டிகிரியிலும் அதன் வளர்ச்சி முற்றிலும் நிற்பதில்லை.

எப்படித் தாங்குகிறது?

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், நல்லெண்ணெய் உறையாது. பூசணத்தின் உயிரணுவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்விலும் கொழுப்பு உண்டு. குளிர் மிகும்போது, குளிர் தாங்கும் பூசணங்கள் நல்லெண்ணெயில் உள்ளது போன்ற, எளிதில் உறையாத கொழுப்பைச் சவ்வில் அதிகமாகச் சேர்த்துக்கொள்கின்றன. அதனால் சவ்வு விறைக்காமல் வேலை செய்கிறது. மேலும் டிரிஹலோஸ் என்னும் சர்க்கரையையும் கிளிசரால் போன்ற பொருள்களையும் சேமித்து உயிரணுவைக் காத்துக்கொள்கின்றன.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், மாதக்கணக்கில் வெண்பனி மூடிக் கிடக்கும் கோதுமைப் பயிரையே டைபுலா என்ற பூசணம் தாக்குகிறது. பனிக்கட்டித் துகள்கள் பெரிதாகாமல் தடுக்கும் புரதத்தை அது சுரக்கிறது.

காரட் விவசாயிகள் கவனிக்க

நீலகிரி போன்ற மலைப் பகுதிகளில் காரட்டைச் சேமிக்க விரும்புவோர் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நல்லது.

1. காயம் பட்ட இடத்தில் பூசணம் எளிதில் நுழையும். பிடுங்கும்போதும் கழுவும்போதும் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒடிந்தவை, வெடித்தவை, அழுகல் தொட்டவற்றைக் கழித்துவிட்டு உடனே விற்பது மேல்.

2. தழையை நீக்க வேண்டும். பழைய பெட்டிகளைக் கழுவி வெயிலில் உலர்த்திய பின்பே நிரப்ப வேண்டும். அவற்றில் பூசண வித்துக்கள் ஒட்டியிருக்கும்.

3. அறுவடை செய்த காரட்டை விரைவில் குளிர வைத்து, 0 முதல் 1 டிகிரியில் வைக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் காரட்டே உறைந்து கெடும்.

4. வாடிய காரட்டைப் பூசணம் எளிதில் பற்றும். ஆகவே கிடங்குக் காற்றில் ஈரப்பதம் 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆனால் காயின்மேல் நீர் சொட்டக் கூடாது. குளிர் விட்டுவிட்டு வந்தால் காய் வியர்க்கும், அந்த நீரில் வித்துக்கள் முளைக்கும்.

5. அவ்வப்போது பெட்டிகளைப் பார்த்து, சாம்பல் நிறம் படர்ந்தவற்றை அகற்ற வேண்டும். ஒரு காயில் பிடித்த பூசணம் அடுத்த காய்க்குத் தாவும்.

நல்ல சரக்கைக் குளிர் பல மாதம் காக்கும். கெட்ட சரக்கைக் குளிர் நல்லதாக்காது. கிடங்கு வாடகைதான் வீணாகும்.