குறள் எங்கே முடிகிறது? – மின்னூல் மாற்றமும் எழுத்தமைப்பும்

என் தகப்பனார் நூறு குறள்களுக்கு எழுதிய எளிய உரையை 2001-இல் சிகந்தராபாத்தில் கணினியில் அடிக்கக் கொடுத்துச் சிறு புத்தகமாக்கினோம். குறள் தடித்த எழுத்தில், உரை சற்று உள்ளே தள்ளி, நடுநடுவே ஜி.யு.போப்பின் 1886-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு. சென்ற ஆண்டு அந்தப் பழைய கோப்பைத் தேடியெடுத்து, மின்னூலாக மாற்றிப் பேத்தியின் கைப்பேசிக்கு அனுப்பினேன். "தாத்தா, இதுல திருவள்ளுவர் எங்க முடியறார், கொள்ளுத்தாத்தா எங்க ஆரம்பிக்கறார்?" என்று கேட்டாள். பள்ளியில் தெலுங்கும் இந்தியும் படிக்கிற குழந்தை. எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. ஆனால் எல்லாம் ஒரே உருவில், ஒரே பத்தியாக ஓடியது. போப்பின் ஆங்கிலமோ புரியாத தமிழ் எழுத்துக் குவியலாகிக் கிடந்தது!

எழுத்தின் தடிப்பும் தள்ளலும் அழகுக்காக மட்டும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். ஓலைச்சுவடியில் செய்யுளை வரி பிரித்து எழுதும் வழக்கமில்லை. புள்ளி கூடப் பெரும்பாலும் இராது. மூலம் எது, உரை எது என்று பிரித்துக் காண்பதே பெரும்பாடு. ஆறுமுக நாவலர், சி.வை.தாமோதரம் பிள்ளை, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர் போன்றோர் உழைத்துப் பிரித்துத் தந்ததைத்தான் நாம் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி ஓலைக்கே அனுப்பிவிடுகிறோம்.

இது ஏன் நேர்கிறது? பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே பதிவாகியிருக்கும். அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் பெயர் ஒன்றுதான். வெறும் எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து யூனிகோடு மாற்றியில் ஒட்டினால் அந்தப் பெயர் போய்விடுகிறது; தடிப்பும் கூடவே போகிறது. எது ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. போப்பையும் சேர்த்துத் 'தமிழாக்கி' விடுகிறது. நான் செய்த பிழை இதுவே.

பி.டி.எஃப். கதை வேறு. அதில் பத்தி என்பதே கிடையாது. இந்த எழுத்து இந்த இடத்தில் என்ற குறிப்புகள்தாம். 2006-இல் கோவிட் கோயல் தொடங்கிய 'காலிபர்' என்னும் இலவச மென்பொருள், பி.டி.எஃப்.-ஐ மாற்றும்போது வரியின் நீளத்தைப் பார்த்து, இது பத்தியின் நடுவரியாக இருக்கும் என்று ஊகித்து அடுத்த வரியோடு ஒட்டும். உரைநடைக்கு உபகாரம், நாற்சீர் அடிக்கு உபத்திரவம்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் இலக்கியங்களை டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்குக் கொண்டுவந்தபோது அடிகளையும் பாட்டு எண்களையும் கைவிடவில்லை. அதனால்தான் அங்கே ஒரு பாட்டைத் தேடி எடுக்க முடிகிறது.

வீட்டில் செய்யக்கூடியது அதிகமில்லை, கொஞ்சம் பொறுமைதான் வேண்டும். வேர்டு கோப்பில் வெற்றிடத்தையும் டேப்பையும் தட்டி உள்ளே தள்ளாதீர்கள். மாற்றத்தில் அவை நிலைப்பதில்லை. 'மூலம்', 'உரை' என்று இரண்டு ஸ்டைல்களை உருவாக்கி, ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் பெயரைக் கொடுங்கள். ஈபப் என்பது உள்ளே ஒரு வலைப்பக்கம் போன்றதே. ஸ்டைல் அதன் நடைத்தாளில் போய் உட்கார்ந்துகொள்ளும். குறளின் இரண்டடிகளும் தனித்தனிப் பத்திகளாக, என்டரால் பிரிந்திருக்கட்டும். கைப்பேசியின் குறுகிய திரையில் முதலடி மடங்கும், தவிர்க்க முடியாது. மூலத்துக்குத் தொங்கல் உள்தள்ளல் கொடுத்தால் மடங்கிய சீர் உள்ளே நிற்கும், அடுத்த அடி வெளியே தொடங்கும். சாய்வெழுத்தை நம்ப வேண்டாம். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வு வடிவமே இல்லை, மென்பொருள்தான் வலுக்கட்டாயமாகச் சாய்க்கிறது.

மோபிக்கு மாற்றுவதும் இனித் தேவையில்லை. பழைய மோபி இந்த அமைப்புகளில் பலவற்றைத் தாங்காது. 2022 முதல் கிண்டிலுக்கு ஈபப் கோப்பையே அனுப்பலாம்.

நான் பழைய அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். பேத்தி வாசிக்கிறாள், நான் குறிக்கிறேன். "இது மூலம் தாத்தா, இரண்டே வரிதானே இருக்கு" என்கிறாள். நாற்பத்திரண்டு குறள் முடிந்திருக்கிறது.